விதி என்ற ஒரே சொல்: கற்பனை உலக ஆட்டங்களின் தத்துவம் பற்றி

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கிளித்தட்டில் தொடப்பட்ட ஆள் வெளியே போக வேண்டும் என்பதும் விதி. பிள்ளை பரீட்சையில் தவறினால் வீட்டில் பெரியவர்கள் பெருமூச்சோடு சொல்வதும் விதி. முன்னது மனிதன் போட்டது, அவனே மாற்றலாம். பின்னது அவன் கையில் இல்லை. அரபியில் முன்னதை ஹுக்ம் என்போம், பின்னதைக் கத்ர் என்போம். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறது. ஒரு கற்பனை உலகத்தைக் கட்டி அதில் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்த இரட்டைப் பொருள் வெறும் சொல் விளையாட்டு இல்லை. அங்கே ஆட்டத்தின் விதிதான் உலகத்தின் விதி.

எந்த ஆட்டத்தைச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் அவனோடு பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்வார்கள். காரியம் கைகூடுமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வரும் எத்தனையோ விளையாட்டுகளுக்கு இதுதான் மூலம். பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் நாங்கள்தான்.

இவ்வகை ஆட்டத்துக்கு உலகம் அமைப்பவர்கள் முதலில் செய்வது தெய்வங்களின் பட்டியல் போடுவது. கடலுக்கு ஒன்று, போருக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று. உலகத்தின் தத்துவம் அமைந்துவிட்டது என்று அதோடு நினைத்துக்கொள்கிறார்கள். என் வாதம் வேறு. தத்துவம் பெயர்ப் பட்டியலில் இல்லை. யார் எதைச் செய்ய ஏலும், யாருக்கு ஏலாது, செத்தவன் திரும்புவானா, திரும்ப என்ன விலை, கணக்கை யார் எழுதுகிறார் என்பதைச் சொல்லும் விதிகளில்தான் அது இருக்கிறது.

இதை எங்கள் முன்னோர் கண்டுகொண்டார்கள். 10ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி ஒரு கூற்றைப் பதிவு செய்திருக்கிறார்: சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் மனிதனுக்குச் சுய விருப்பம் உண்டென்று நம்பிய முஃதஸிலாக் கொள்கைக்காரன், பகடை உருட்டும் நர்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் எல்லாம் முன்பே தீர்ந்தது என்று நம்பியவன். இரண்டு பலகையிலும் ஒரு தெய்வத்தின் பெயர்கூட இல்லை. ஆனாலும் இரண்டு அகீதாவை அந்தச் சபையிலிருந்தவர்கள் பலகையிலேயே வாசித்தார்கள். நான் அறிந்த ஆட்ட விமர்சனங்களில் மிகச் சுருக்கமானதும் மிகக் கூர்மையானதும் இதுதான்.

இதே கண்ணோடு பரமபதத்தைப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க இந்துக் குடும்பங்கள் ஆடும் பலகை அது. நற்குணத்துக்கு ஏணி, தீக்குணத்துக்குப் பாம்பு. இப்னு அறபியின் பெயரில் வழங்கும் 'ஷத்ரன்ஜுல் ஆரிஃபீன்' என்ற சூஃபிப் பலகையும் இந்த வார்ப்புத்தான். மனப்படிகள் ஊடாக மேலேறும் பாதை அதில் வரையப்பட்டிருக்கிறது. பலகையில் எழுதியிருப்பது, நீ செய்ததற்கு ஏற்ப ஏறுவாய், இறங்குவாய் என்று. ஆனால் காயை நகர்த்துவது பகடை. ஆடுகிறவன் தர்மம் செய்யத் தீர்மானிக்கவில்லை. நாலு விழுந்தது, அவ்வளவுதான். எழுத்து ஒன்றைப் போதிக்கிறது, விதி வேறொன்றைப் போதிக்கிறது. பிள்ளையின் மனதில் நிற்பது விதி போதித்தது. இந்தப் பலகை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், பிறகு குணங்களின் பெயர்களைக் களைந்து, வெறும் பாம்பும் ஏணியுமாக எங்கள் கடைகளுக்குத் திரும்பி வந்ததில் ஆச்சரியம் இல்லை. பெயர்களை எடுத்தபோது ஆட்டத்தில் ஒன்றும் குறையவில்லை.

இருபது முகப் பகடை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. விழுகிற எண் உன்னுடையதல்ல. அதோடு நீ பழகிப் பெற்ற திறனின் எண்ணைக் கூட்டுகிறாய். கூட்டுத்தொகை குறித்த அளவை எட்டினால் காரியம் நடக்கும். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இமாம் அல்-அஷ்அரியின் 'கஸ்ப்' நினைவுக்கு வரலாம். படைப்பது இறைவன், சம்பாதித்துக்கொள்வது அடியான். இது உவமை மட்டுமே, ஒப்புமை இல்லை. பகடை குருடு; கத்ர் குருடு என்று எந்த முஸ்லிமும் சொல்லமாட்டான். அந்த வித்தியாசத்தை மறக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

"பகடையே கூடாதே, இதில் என்ன ஆராய்ச்சி?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் சூதில்லாத சதுரங்கத்தை மக்ரூஹ் என்றும், நர்தை அதைவிடக் கடுமையாகவும் பார்க்கிறார்கள். நான் மௌலவி அல்ல, ஃபத்வா சொல்வது என் வேலையுமல்ல. தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: கூடும், கூடாது என்பதோடு கதையை நிறுத்தினால், பிள்ளைகள் எந்த உலகத்துக்குள் போய் வருகிறார்கள் என்று பார்க்கும் பொறுப்பையும் நிறுத்திவிடுகிறோம்.

எங்களைப் பற்றியே அமைக்கப்பட்ட உலகம் ஒன்று உண்டு. 1992இல் டீ.எஸ்.ஆர். கம்பனி 'அல்-கதீம்' என்ற தொகுதியை வெளியிட்டது. அமைத்தவர் ஜெஃப் கிரப். பாலைவனம், ஒட்டகம், சந்தை, விளக்குக்குள் ஜின் என்று ஆயிரத்தொரு இரவுகளின் சாயலில் ஒரு நாடு. சித்திரங்கள் அழகு, விருந்தோம்பலையும் மானத்தையும் பெரிதாக மதிக்கும் சமூகம். வேண்டுமென்று இழிவுபடுத்திய நூல் அல்ல. எங்கள் மார்க்கத்தை ஆட்டக் காயாக்காமல் ஒதுங்கிக்கொண்டதை மரியாதை என்றுகூட எடுக்கலாம். ஆனால் ஒதுக்கிய இடம் வெறுமையாக இருக்கவில்லை. அங்கே பல தெய்வங்களும், அவர்களுக்கு மேலாக எல்லாரும் தலைவணங்கும் ஒரு 'விதி'யும் வந்து உட்கார்ந்துகொண்டன. அந்த விதி பேசாது, கேட்காது, துஆவுக்குப் பதில் தராது. 'கதீம்' என்பது ஆரம்பமற்றது என்ற பொருளில் கலாம் நூல்கள் இறைவனுக்குச் சொல்லும் சொல். அட்டையில் அந்தச் சொல். உள்ளே அந்தச் சொல்லுக்கு உரியவன் இல்லை.

ஜின்களின் கதியும் இப்படித்தான். குர்ஆனில் ஜின் புகையற்ற நெருப்பால் படைக்கப்பட்ட, மனிதனைப் போலப் பொறுப்புச் சுமத்தப்பட்ட ஓர் இனம். 72ஆவது சூராவில் அவர்கள் ஓதலைக் கேட்கிறார்கள், தங்களுக்குள் விவாதிக்கிறார்கள், சிலர் ஈமான் கொள்கிறார்கள். அந்த ஆட்டத்தில் அவர்கள் காற்று, மண், நெருப்பு, நீர் என்று நாலு வகையாகப் பிரிந்து, ஏவலுக்கு நிற்கிறார்கள். ஏவுகிறவனுக்குப் பெயர் 'ஷாயிர்'. அரபியில் ஷாயிர் என்றால் கவிஞன். கவிஞனை மந்திரவாதியாக்கி, விசாரணைக்குரிய ஓர் இனத்தை வேலையாளாக்கியது எது? தெய்வப் பட்டியல் அல்ல; ஜின்னிடம் 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையைப் பறித்த விதிதான்.

10ஆம் நூற்றாண்டு பஸ்றாவில் இக்வானுஸ் ஸஃபா எழுதிய கற்பனையை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். மிருகங்கள் மனிதன் மேல் வழக்குப் போடுகின்றன: எங்களை அடிமையாக்க இவனுக்கு யார் உரிமை கொடுத்தது? விசாரிப்பது ஜின்களின் அரசன். மிருகத்தின் வாயால் ஆசிரியன் பேசுகிறான், மனிதன் கூண்டில் நிற்கிறான். அங்கும் ஜின் உண்டு, தீவு உண்டு, நடக்க முடியாதது நடக்கிறது. ஆனால் அந்த உலகத்தின் விதி, வாயில்லாதவனுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்பது.

எங்கள் உமறுப் புலவர் இன்னொரு வழியைக் காட்டினார். சீறாப்புராணத்தில் அறபு நாட்டைப் பாடும்போது மழை பெய்கிறது, மலையிலிருந்து ஆறு பாய்கிறது, வயல் விளைகிறது. மருதமும் நெய்தலும் ஹிஜாஸுக்குப் போய்விட்டன. நில அமைப்பைத் தாராளமாக மாற்றியவர், தவ்ஹீதில் கைவைக்கவில்லை. அல்-கதீம் செய்தது நேர் எதிர்: மணலையும் ஒட்டகத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு உள்ளேயிருந்ததை மாற்றியது. எது உடை, எது உயிர் என்று புலவருக்குத் தெரிந்திருந்தது.

இனி எங்கள் மலைக்கு வருவோம். தோட்டங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்த குடும்பங்களில் பிறந்த எங்களுக்கு, பாத்திரம் ஏற்று ஆடும் உலகம் கைத்தொலைபேசியில் வந்த புதினம் அல்ல. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். வேடம் ஏற்பவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியாகவும் ஆண்தான் வருவார். பௌர்ணமியை ஒட்டிச் சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பார். அது வேறொரு மார்க்கத்தின் சடங்கு. நாங்கள் அதில் பங்காளிகள் அல்ல. ஆனால் ஓர் உலகத்தின் விதி எப்படி அமைந்திருக்கிறது என்று படிப்பதற்குப் பங்காளியாக இருக்கத் தேவையில்லை.

மரணத்தை அது எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். எரிந்த காமன் எழுகிறான், ஆனால் முழுதாக அல்ல. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், உடம்பு திரும்பாது. வரமும் கிடைத்தது, இழப்பும் இழப்பாகவே இருக்கிறது. தஞ்சைப் பக்கத்து லாவணியில் இதையே கருவாக வைத்து இரண்டு கட்சி பிரிந்து விடிய விடியப் பாடுவார்கள்: எரிந்த கட்சி, எரியாத கட்சி. காமன் எரிந்தானா, இல்லையா? நூற்றாண்டாகப் பாடியும் தீர்ப்பு வரவில்லை, வரவும் கூடாது. உலகத்தின் நடுவில் ஒரு கேள்வியைத் திறந்தே வைத்து, அதைச் சுற்றி விதியைக் கட்டியிருக்கிறார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸின் 2014 பதிப்பில் இதே காரியத்துக்கு விலை போட்டிருக்கிறார்கள். செத்தவனை எழுப்பும் மந்திரத்துக்கு 500 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும். இது சும்மா ஒரு கணக்கு என்று அமைத்தவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் இந்த ஒற்றை விதியிலிருந்து எத்தனை விளைகிறது என்று பாருங்கள். அந்த உலகத்தில் பணக்காரன் சாவதில்லை. கூலிக்காரன் மட்டும்தான் சாகிறான். அவன் மனைவியின் ஒப்பாரி ஒப்பாரியாக இருக்காது, பணம் இல்லை என்ற முறைப்பாடாக இருக்கும். கருணைக்கு ஒரு தெய்வம், நீதிக்கு ஒரு தெய்வம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும், அவர்களை அந்த வைரம் பொய்யாக்கிவிடுகிறது.

என்னிடம் தமிழ் படிக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் இப்படியான ஓர் உலகத்தை எண்பது பக்கக் கொப்பியில் எழுதிக் காட்டினார்கள். ஒருவன் டவுனில் எங்கள் ஆள், மற்ற இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். நமுனுகுல என்றால் ஒன்பது சிகரம் என்று சிங்களத்தில் பொருள். ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு தெய்வமாக ஒன்பது தெய்வம் எழுதியிருந்தார்கள். எல்லாம் பார்த்து எழுதியது என்று வாசித்த உடனே தெரிந்தது. இருபதாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு விதி இருந்தது. பொழுது சாயும்போது ஒவ்வொரு பாத்திரமும் மலையடிவாரத்தில் உள்ள நிறுவைக்குப் போக வேண்டும். அன்றைக்குச் செய்தது போதுமென்றால் முழுப் பேர். போதாதென்றால் அரைப் பேர். தொடர்ந்து அரைப் பேர் விழுந்தவன் மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாமல் போவான். அவன் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது.

தேயிலைத் தோட்டத்தை அறியாத வாசகருக்காகச் சொல்கிறேன். பேர் என்றால் ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிவது. குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதுவரை வாய் திறக்காத பிள்ளை சொன்னான்: "எங்க அம்மாவுக்கு அரைப் பேரு விழுந்தா அன்னிக்கு வீட்டுல யாருமே பேச மாட்டாங்க சார்."

ஒன்பது தெய்வங்களும் செய்யாததை அந்த விதி செய்கிறது. மனிதன் இருக்கிறானா இல்லையா என்பதைத் தராசும் பதிவுப் புத்தகமும் தீர்மானிக்கும் உலகம் அது. 'பேர்' என்ற தோட்டத்துச் சொல்லுக்குள்ளேயே இந்தத் தத்துவம் இருந்திருக்கிறது. நாங்கள் அதைச் சம்பளக் கணக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அல்-கதீமை அமைத்தவர்களுக்கு எங்கள் சொற்கள் அலங்காரம். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் உலகமாகியிருக்கிறது.

குறையும் உண்டு. அந்த உலகத்தில் நிறுத்தது பிழை என்று சொல்ல வழி இல்லை. புத்தகத்தைத் திறந்து பார்க்கும் விதியும் இல்லை. இருக்கிற அநியாயத்தை அப்படியே உலக நியதியாக எழுதிவிட்டார்கள். கொப்பியின் ஓரத்தில் அதைத்தான் குறித்துக் கொடுத்தேன். முஸ்லிம் பிள்ளைக்கு இதில் ஒரு உதவி கைவசம் இருக்கிறது. எங்கள் நம்பிக்கையிலும் இரு தோளிலும் எழுதும் மலக்குகள் உண்டு, பதிவேடு உண்டு. ஆனால் மறுமையில் அந்த ஏடு அவனவன் கையில் கொடுக்கப்படுகிறது, நீயே வாசித்துப் பார் என்று சொல்லப்படுகிறது. ஓர் அணுவும் மறைக்கப்படுவதில்லை. எழுதப்பட்டவனுக்குக் காட்டப்படும் கணக்கும், காட்டப்படாத கணக்கும் இரண்டு வேறு உலகங்கள்.

ஆட்டத்துக்கு இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டுமா? ஏற்றுவதற்குக் காரணம் இந்த மாகாணத்திலேயே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. ஊவா முழுக்க அன்று கேட்ட சொல் விதி. கோயிலிலும் சொன்னார்கள், பள்ளிவாசலிலும் சொன்னார்கள், கடைத்தெருவிலும் சொன்னார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்ற வேண்டும் என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. லயக் காம்பிறா தோட்டத்துக்குச் சொந்தம். காலடி மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். எழும்பிப் போவதற்கு அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. இதுவும் விதிதான். எந்த விதி?

ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையோடு உள்ளே போகாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஆபத்தை அறிந்து விலகுவதும் கத்ருக்குள்ளேதான் இருக்கிறது. கத்ரை நம்புகிறவனுக்குக் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் கடமை இல்லை. ஆனால் உமருக்குத் திரும்பிப் போக ஒரு மதீனா இருந்தது. மீரியாபெத்தையில் இருந்தவர்களுக்கு அப்படி ஓர் இடத்தைக் கொடுக்காதது மனிதர்கள் எழுதிய விதி. அதைக் கத்ர் என்று சொல்லிவிடும்போது, மனிதன் போட்டதை இறைவன் பெயரில் எழுதிவிடுகிறோம். தவ்ஹீதுக்கு ஆபத்து கொப்பியில் எழுதிய ஒன்பது தெய்வங்களில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

உலகம் அமைக்கும் பிள்ளைகளுக்கு என் பக்கத்து யோசனை இதுதான். படைத்தவனைப் பாத்திரமாக எழுதாதீர்கள். எந்தப் பகடைக்கும் அவன் கட்டுப்பட்டவன் இல்லை. படைப்புகள் ஒன்றுக்கொன்று என்ன கடமைப்பட்டிருக்கின்றன என்று எழுதுங்கள். ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் இதைப் போட்டவர் யார், மாற்றக்கூடியவர் யார் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மரணத்துக்கு விலை போட்டால், அந்த விலை இல்லாதவன் வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். ஜின்னை வைத்தால் அவனுக்கும் ஒரு வாய் கொடுங்கள். பதில் தெரியாத கேள்வி ஒன்று உலகத்தின் நடுவில் கிடந்தால் பயப்படாதீர்கள். லாவணிக்காரர்கள் அதை வைத்துத்தான் விடிய விடியப் பாடினார்கள்.

பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படியொரு கொப்பியை வைத்திருந்தால், பறிக்கவும் வேண்டாம், சும்மா சிரித்துவிட்டுப் போகவும் வேண்டாம். தெய்வப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம். யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர், மலை சரியும் என்று தெரிந்தால் எழும்பிப் போக அந்த உலகத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் எங்கள் ஊரைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்பது தெரியவரும்.